சிறகவரை: உலகம் தேடி எடுத்துக் கைவிட்ட கொடி

சிறகவரை என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் கொடி. வெப்பமண்டல ஆசியாவிலும் நியூகினித் தீவிலும் இது நெடுங்காலமாக வீட்டுத் தோட்டப் பயிராக விளைந்து வருகிறது. இதன் காய்க்கு நான்கு மூலைகள் உண்டு. ஒவ்வொரு மூலையிலும் நீளவாக்கில் ஒரு மெல்லிய விளிம்பு, சிறகு போல் அலையலையாக மடிந்து நிற்கும். பெயர்க் காரணம் அதுவே. காயைக் குறுக்கே நறுக்கினால் நான்கு முனையுள்ள நட்சத்திரம் போல் தெரியும். பிஞ்சுக் காய், இளந்தளிர், பூ, முற்றிய விதை, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு ஆகிய அனைத்தும் உணவாகின்றன. முருங்கையில் காயும் கீரையும் பூவும் கிடைக்கின்றன. அதனுடன் பருப்பும் கிழங்கும் சேர்ந்தால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட தாவரம் இது.

1975ஆம் ஆண்டுக்குப் பிந்திய ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இந்தக் கொடி உலகப் புகழ் பெற்றிருந்தது. பசியைப் போக்க வந்த பயிர் என்று அறிவியல் அவைகள் இதைக் கொண்டாடின. இதற்கென்றே இரண்டு பன்னாட்டு மாநாடுகள் கூடின. கண்டிக்கு அருகில் ஒரு தனி ஆய்வு நிறுவனமும் அமைந்தது. பின்னர் அந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. இன்று தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் இக்காயைக் காண்பது அரிது.

பெயர்கள்

தாவரவியலில் இதன் பெயர் சோபோகார்ப்பஸ் டெட்ராகோனோலோபஸ். கிரேக்க மொழியில் 'சோபோஸ்' என்றால் ஓசை, 'கார்ப்போஸ்' என்றால் கனி. நன்றாகக் காய்ந்த நெற்று 'படார்' என்று வெடித்து விதையைச் சிதறுவதைக் கண்டு இட்ட பெயர். இரண்டாவது சொல் நாற்கோணக் காய் என்று பொருள்படும்.

சிங்களத்தில் இது தம்பல. மலையாளத்தில் சதுரப்பயர். இந்தோனேசியாவில் கெச்சிப்பிர், மலாய் மொழியில் காச்சாங் போத்தோல், அதாவது புட்டி அவரை. வியட்நாமியர் டிராகன் அவரை என்கிறார்கள். மணிப்பூரில் தெங்னௌமான்பி என்ற பெயரில் அன்றாடக் காயாகவே இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து நூல்களில் கோவா அவரை, மணிலா அவரை என்றெல்லாம் வரும். பிலிப்பைன்ஸில் இதற்குச் சிகரில்யாஸ் என்று பெயர். ஒரு குடிசையைச் சுற்றி விளையும் காய்கறிகளை வரிசையாகச் சொல்லும் 'பாஹய் குபோ' என்ற நாட்டுப் பாடலில் இதுவும் இடம்பெறுகிறது. அந்நாட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒவ்வொன்றும் அந்தப் பாட்டை அறியும்.

எனவே இதை 'மறக்கப்பட்ட காய்கறி' என்று சொல்லும்போது மறந்தவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மணிப்பூர்ப் பெண்மணியோ ஜாவா உழவரோ இதை ஒருநாளும் மறக்கவில்லை. சந்தையும் ஆய்வகமும்தான் இதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தன. பிறகு அவையே மறந்தன.

பிறப்பிடம் பற்றிய புதிர்

இக்கொடியை ஐரோப்பியருக்காக முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ரம்பியஸ். செருமனியில் பிறந்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியாளராக அம்போன் தீவில் வாழ்ந்தவர். 1670இல் பார்வையை இழந்த பின்னும், பிறர் துணையோடு தம் மூலிகை நூலை எழுதி முடித்தார். 1702இல் அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே அந்த நூல் அச்சேறியது. பின்னர் லின்னேயஸ் இதை மொச்சை இனத்தோடு சேர்த்துப் பெயரிட்டார். 1825இல் டி கண்டோல் இதை இப்போதுள்ள பேரினத்துக்கு மாற்றினார்.

இதன் தாயகம் எது என்பது தாவரவியலில் சுவையான புதிர். சிறகவரையின் உறவினச் செடிகள் எல்லாம் ஆப்பிரிக்காவில் இயற்கையாக வளர்கின்றன. சிறகவரையோ ஆசியாவிலும் நியூகினியிலும் மனிதன் கையால் விதைக்கப்பட்டு வாழ்கிறது. காட்டுச் செடியாக உறுதிப்பட எங்கும் காணப்படவில்லை. வகைகளின் பெருக்கத்தைப் பார்த்தால் நியூகினியே முதலிடம். காயின் நீளம், நிறம், விதையின் நிறம், இலையின் வடிவம் என்று அங்கே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறுபடுகிறது. வகைகள் மிகுந்த இடமே தாயகம் என்ற வாதம் ஒருபுறம். உறவினங்கள் வாழும் இடமே தாயகம் என்ற வாதம் மறுபுறம். எப்படியானாலும், இன்று நாம் காணும் காய் உழவர்கள் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது என்பதில் ஐயமில்லை.

நியூகினியின் மேட்டுநிலங்களில் இதை வளர்க்கும் முறை தனி. அங்கே கிழங்குதான் முதற்பொருள். கொடியை உயரமாக ஏறவிடாமல் குட்டையான கோல் நட்டு, பூங்கொத்துகளைக் கிள்ளி விடுவார்கள். காய்க்கும் வலு கிழங்குக்கு இறங்கும். விரல் பருமனில் திரளும் அந்தக் கிழங்குகளை, சூடேற்றிய கற்களை இட்ட மண்குழி அடுப்பில் இலை மூடி வேகவைப்பார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கே நாள்தோறும் உணவாக உள்ள மக்களுக்கு, புரதம் மிகுந்த இக்கிழங்கு பெரிய துணை. மரவள்ளிக் கிழங்கில் உள்ளதைப் போல் பல மடங்கு புரதம் இதில் உண்டு. பர்மாவிலும் கிழங்குக்காக இதைப் பயிரிடும் வழக்கம் இருந்தது. இந்தியாவில் இப்பயிரின் நிலை குறித்து, கல்கத்தாவில் பணியாற்றிய தாவரவியலார் ஐசக் ஹென்றி பர்க்கில் 1906இலேயே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அது அரசு வெளியீடாக வந்து அலமாரியில் தங்கியது.

புரதப் பஞ்சம் என்ற அச்சம்

1930களில் ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் பணியாற்றினார். தாய்ப்பால் மறந்து சோளக் கூழுக்கு மாறிய குழந்தைகளுக்கு வரும் ஒரு நோயை அவர் விவரித்தார். கால் வீங்கும், தோல் உரியும், தலைமுடி நிறம் மாறும். அங்குள்ள கா மொழியில் அதற்கு வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே மருத்துவ உலகுக்கும் கொடுத்தார். புரதக் குறைவே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் கருத்து ஒரு பெரும் அச்சமாக வளர்ந்தது. ஏழை நாடுகளின் பசியே புரதப் பசிதான் என்றார்கள். 1968இல் ஐக்கிய நாடுகள் அவை, வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தடுப்பது பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

மீன் மாவு, எண்ணெய்ப் பிண்ணாக்கு, நுண்ணுயிரிப் புரதம் என்று பலவற்றையும் அக்காலத்தில் முயன்றார்கள். சோயா அவரை இருந்தது. ஆனால் அன்றைய சோயா வகைகள் ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளில் நன்றாக வரவில்லை. வெப்பமண்டலத்துக்கு ஒரு சோயா வேண்டும் என்ற தேடல் அப்போது எழுந்தது.

அந்த இடத்துக்குத்தான் சிறகவரை வந்தது. அதன் முற்றிய விதையில் புரதம் 30 சதவீதத்துக்கு மேலும், எண்ணெய் 15 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். சோயாவுக்கு மிக நெருங்கிய சேர்க்கை. கானாவில் பணியாற்றிய செக்கோஸ்லோவாக்கிய ஆய்வாளர் குழு ஒன்று இதை 1971இல் பிரித்தானிய ஊட்டச்சத்து ஆய்விதழில் எழுதியது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜெஃப்ரி மேஸ்ஃபீல்டு, மலாயாவில் இதன் வேர் முடிச்சுகளைப் பார்த்து வியந்தவர். காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் முடிச்சுகள் இதன் வேரில் ஏராளமாகத் திரளும். எதிர்காலம் உள்ள பயிரா இது என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1973இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பப்புவா நியூகினிப் பல்கலைக்கழகத்தில் தன்வீர் கான் உள்ளூர் வகைகளைத் திரட்டி வந்தார்.

1975இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் சிறகவரை பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டது. அதில் பெரும்பங்கு வகித்தவர் நோயல் வீட்மேயர் என்ற எழுத்தாளர். ஒரே தண்டில் ஒரு சந்தையே தொங்குகிறது என்ற பொருளில் இக்கொடியைப் பற்றிப் பேசினார்கள். இலவசமாக அனுப்பப்பட்ட அந்த நூல் பல நாடுகளுக்குச் சென்றது. விதை கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. ஆய்வாளர்களுக்கென்று ஒரு செய்தி மடல் தொடங்கியது. 1978 ஜனவரியில் மணிலாவில் முதல் பன்னாட்டு மாநாடும், 1981 ஜனவரியில் கொழும்பில் இரண்டாம் மாநாடும் நடந்தன.

இங்கே ஒரு முரணைக் குறிப்பிட்டாக வேண்டும். அந்த நூல் வருவதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1974இல், டொனால்டு மெக்லாரன் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் புரதப் பஞ்சம் என்ற கருத்தையே ஒரு பெரும் தோல்வி என்று எழுதிவிட்டார். இந்தியாவில் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலனும், புள்ளியியலார் பி. வி. சுகாத்மேயும் அதற்கு முன்பிருந்தே ஒன்றை வலியுறுத்தி வந்தனர்: வயிறு நிறையச் சோறு கிடைக்காத குழந்தைக்குத்தான் புரதமும் குறைகிறது, உணவின் மொத்த அளவு கூடினால் புரதக் குறையும் பெரும்பாலும் தீரும். இது பயிரின் குறை பற்றிய வாதம் அல்ல, வறுமை பற்றிய வாதம். ஆக, எந்த நோய்க்கு மருந்தாகச் சிறகவரையை அரங்கேற்றினார்களோ அந்த நோயின் விளக்கமே அப்போது மாறிக்கொண்டிருந்தது. பாவம், கொடிக்கு அது தெரியாது.

தம்பலவும் இலங்கையும்

இலங்கையில் தம்பல புதுப்பயிர் அன்று. ஈரவலயத்து வீட்டுத் தோட்டங்களில் வேலியிலும் மரத்திலும் ஏறிக் காய்த்து வந்த பழைய காய். தமிழரிடையே சிறகவரை என்ற பெயர் வழங்கியது. ஆனால் மக்கள் உண்டது பிஞ்சுக் காயை மட்டுமே. விதையை முற்றவிட்டுப் பருப்பாக ஆக்கும் பழக்கமோ, வேரைத் தோண்டும் பழக்கமோ பரவலாக இல்லை.

கொழும்பு மாநாட்டை ஒட்டிய ஆண்டுகளில் கண்டிக்கு அருகே பல்லேகலையில் பன்னாட்டுத் தம்பல நிறுவனம் அமைக்கப்பட்டது. உலக வகைகளைச் சேர்த்து வளர்ப்பது, விதையிலிருந்து மாவும் எண்ணெயும் எடுக்கும் வழி காண்பது, உழவரிடம் பரப்புவது என்று பெரிய நோக்கங்கள் இருந்தன. தெற்காசியச் சிற்றூர்த் தோட்டத்து வேலிக்காய் ஒன்றுக்குத் தன் பெயரிலேயே பன்னாட்டு நிறுவனம் கிடைத்தது வேறு எப்போது நடந்தது?

ஏன் தோற்றது?

முதல் காரணம் கோல். சிறகவரை 3 முதல் 4 மீட்டர் வரை படரும் கொடி. தாங்க ஒன்று இல்லையென்றால் தரையில் கிடந்து அழுகும். காய்ப்பும் மிகக் குறைந்துவிடும். வீட்டில் நான்கு கொடிக்கு வேலி போதும். ஓர் ஏக்கருக்கு எத்தனை ஆயிரம் கழிகள் வெட்டி நடுவது? அதன் செலவும் ஆள் கூலியும் காய் விலையை விழுங்கிவிடும். தானே நிற்கும் குத்துச்செடி வகை ஒன்று கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆய்வாளர்கள் தேடினார்கள். பயிரின் தலையெழுத்தை மாற்றும் அளவுக்கு அப்படி ஒன்று கையில் வரவில்லை.

இரண்டாவது, காய்ப்பின் இயல்பு. ஒரே கொடியில் பூ, பிஞ்சு, முற்றல், நெற்று எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். வீட்டுக்காரருக்கு இது வரம். வாரம் இருமுறை பறித்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இயந்திரம் ஓட்டி அறுக்க நினைப்பவருக்கு இதுவே சாபம்.

மூன்றாவது, விதையின் கடினம். தோல் தடித்தது, ஊறவும் வேகவும் நேரம் பிடிக்கும். செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்கள் பச்சை விதையில் உள்ளன. நீரில் ஊறவைத்து நன்கு வேகவைத்தால் அவை போய்விடும். ஆனால் அதற்கு விறகு வேண்டும். ஏழைக்கான புரதம் என்று சொல்லிவிட்டு, ஏழையிடம் இல்லாத விறகைக் கேட்பது பொருந்துமா? இந்தச் சாதாரணக் கேள்வியை அடுப்படியில் நிற்கும் எவரும் முதல் நாளே கேட்டிருப்பார்கள். 1985இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, இந்த அதிசயப் பயிரும் ஒரு தோல்விதானோ என்று தலைப்பிலேயே வினவியது. அதற்குள் சோயா எண்ணெயும் பிண்ணாக்கும் உலகச் சந்தையில் மலிந்துவிட்டன.

ஆனால் தோற்றது சிறகவரையைச் சோயாவாக்கும் முயற்சியே. வேலிக் காயாக அது ஒருபோதும் தோற்கவில்லை. பெருவயல் பயிருக்குரிய அளவுகோலைக் கொண்டு ஒரு தோட்டக் கொடியை அளந்ததுதான் கோளாறு. ஆய்வு முற்றிலும் நின்றுவிடவும் இல்லை. இந்தியாவில் மகாராட்டிரத்தின் அகோலாவிலிருந்து ஏ.கே.டபிள்யூ.பி.-1 என்ற வகை வெளிவந்தது. 2024இல் இதன் மரபணுத் தொகுதி பற்றிய விரிவான ஆய்வு வெளியாகியுள்ளது. குத்துச்செடித் தேடல் இன்னும் தொடர்கிறது.

வளர்க்கும் முறை

சிறகவரை பகல் குறையும் காலத்தில் பூக்கும் கொடி. பகல் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலான வகைகளில் மொட்டு வரும். சித்திரையில் விதைத்தவர் ஆவணி வரை இலையை மட்டும் பார்த்துச் சலித்து, மலட்டுக் கொடி என்று பிடுங்கி எறிவதுண்டு. நம் பக்கத்துக்கு ஆடிப்பட்டமே ஏற்றது. ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் பூக்கத் தொடங்கி, தை மாசி வரை காய்க்கும்.

விதை கல் போல் இருக்கும். ஊன்றுமுன் அதன் தோலை மணல்தாளில் ஒரு பக்கம் லேசாக உரசி, ஓர் இரவு முழுதும் நீரில் போட வேண்டும். ஊறிப் பருத்த விதைகளை மட்டும் எடுத்து ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றலாம். பருக்காதவற்றை மறுபடி உரசிப் போடலாம். முளை வர ஒரு வாரம் ஆகும். சில விதைகள் இரண்டு வாரமும் எடுக்கும். முதல் மாதம் செடி மிக மெதுவாக வளரும். அப்போது களை மூடாமல் பார்த்துக்கொள்வதே முக்கிய வேலை. பிறகு பந்தலையோ வேலியையோ பிடித்துவிட்டால் ஓட்டம் நிற்காது.

நீர் தேங்கும் நிலம் ஆகாது. மட்கிய எரு போதும். தழைச்சத்து உரம் மிகுந்தால் இலைதான் பெருகும். வேரில் நூற்புழு முடிச்சு வருவதுண்டு. எனவே முன்பு வெண்டையும் கத்தரியும் நூற்புழுவால் கெட்ட இடத்தைத் தவிர்ப்பது நல்லது. நீலப் பூக்கள் தம் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஆகையால் ஒரே கொடி இருந்தாலும் காய்க்கும்.

கோடையில் மேற்கொடி வாடிக் காய்ந்துவிடும். அதை இறந்துவிட்டதாக எண்ணிக் கொத்திவிடக் கூடாது. வெட்டிவிட்டு வேரடியில் சருகு மூடி வைத்தால், மழை விழுந்ததும் கிழங்கிலிருந்து புதுத்தளிர் வரும். இதைப் பல்லாண்டுக் கொடி என்பது இதனால்தான். கிழங்கு வேண்டுபவர் வேறு சில கொடிகளை ஒதுக்கிப் பூவைக் கிள்ளிவிட்டு, ஏழெட்டு மாதத்தில் தோண்டலாம்.

சமைக்கும் முறை

காயைப் பிஞ்சில் பறிப்பதே பாதிச் சமையல். ஒரு சாண் நீளத்துக்குள், ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். இரண்டு மூன்று நாள் தவறினாலும் நார் ஓடிவிடும். சிறகுகளின் மடிப்பில் மண்ணும் பூச்சியும் தங்கும் என்பதால் ஓடும் நீரில் விரலால் நீவிக் கழுவ வேண்டும். சிறகின் ஓரம் கறுத்திருந்தால் அதை மட்டும் சீவிவிடலாம்.

பொரியலுக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதங்கியதும் காயைப் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்து நீர் தெளித்து ஐந்து நிமிடம் மூடினால் போதும். இறக்கும்போது தேங்காய்த் துருவல். நெடுநேரம் வேகவிட்டால் நிறமும் போகும், மொறுமொறுப்பும் போகும். பாசிப்பருப்போடு கூட்டும் வைக்கலாம்.

இலங்கை முறையில் பால்கறி வைப்பார்கள். நறுக்கிய காயுடன் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை சேர்த்து, தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவிட வேண்டும். வெந்ததும் முதற்பால் ஊற்றி ஒரு கொதி வருமுன் இறக்கி, தேசிக்காய்ப் புளி விட வேண்டும். தாய்லாந்தில் லேசாக நீரில் வாட்டித் தேங்காய்ப் பாலும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்துச் சாலட் செய்கிறார்கள். மணிப்பூரில் பச்சையாகவே அரிந்து கலவையில் சேர்ப்பதுண்டு.

தளிரைக் கீரை போல் வதக்கலாம். பூவை முட்டையோடு பொரிக்கலாம். காளான் போன்ற ஒரு சுவை இருக்கும். முற்றிய விதையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணக் கூடாது. இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் நன்றாகக் குழைய வேகவைத்து, தோலை உரித்த பிறகே குழம்பில் இட வேண்டும். ஜாவாவில் இதைப் புளிக்கவைத்து தெம்பே செய்கிறார்கள். கிழங்கின் மேல்தோல் நார்போல் இருக்கும். வேகவைத்து, சூடு ஆறுமுன் தோலை உருவி, உப்பும் மிளகுத்தூளும் தொட்டு உண்ணலாம்.

விதைக்கு, நடுக்கொடியில் நன்றாகத் திரண்ட நான்கைந்து காய்களைப் பறிக்காமல் விட்டுவைக்க வேண்டும். நெற்று கறுத்து, உள்ளே விதை குலுங்கும் ஓசை கேட்டதும், வெயில் ஏறுமுன் காலையிலேயே பறித்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். திறந்த முறத்தில் வைத்தால் நண்பகலில் வெடித்து விதைகள் வீடெங்கும் சிதறும்.